‘குடும்பத் தகராறு’ என்று எழுதிய கை

கடந்த வாரம் இரவு பத்து மணி கடந்திருக்கும். முன்னர் என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் பணியாற்றிய இளம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வழமையாக அவர் அழைத்தால் அரசியல்தான் பேசுவோம். அன்று எடுத்த எடுப்பிலேயே, “அண்ணை, உங்களுக்குப் பொலிஸில ஆரையும் தெரியுமோ?” என்று கேட்டார்.

அவருடைய அக்காவைக் கணவர் அடிக்கின்றார். திருமணமாகிப் பத்து ஆண்டுகள். அடி எப்போது தொடங்கியது என்பது நண்பருக்கே தெரியாது. அக்கா ஒருவருக்கும் சொன்னதில்லை. விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயது மருமகன்தான், கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டே, “மாமா, அப்பா அம்மான்ர தலையைச் சுவரில இடிச்சவர்” என்று, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோவொன்றைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கின்றான். நண்பரின் திட்டம் சுருக்கமானது. மறுநாள் இரண்டு பெடியங்களோடு போய் அத்தானுக்கு நாலு போடுவது. அந்தக் கையோடு அக்காவையும் பிள்ளையையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வருவது. பிரச்சினை ஏதும் வந்தால் பொலிஸில் சொல்லி வைக்க நான் தேவை.

போகவேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. “நீங்களும் பொறுத்துப் போகச் சொல்லுறியளோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். அன்று அவரிடம் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கிய ஒன்றையும் இங்கே எழுதுகின்றேன். தயங்கியதற்குக் காரணம், அது என் சொந்தத் தவறு பற்றியது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன்தான் எழுதுகின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்திருக்கின்றேன். அதில் பாதிக்காலம் செய்தி மேசையில் கழிந்தது. பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் இப்படியான ஒன்று அடிக்கடி இருக்கும்: குடும்பத் தகராறு காரணமாக இளம் குடும்பப் பெண் ஒருவர் உயிரிழந்துள்ளார், சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். எழுத்துப்பிழை திருத்தி, ஊர்ப்பெயரைச் சரிபார்த்து, உள்பக்கத்தில் ஒரு பத்தியில் போட அனுப்பிவிடுவேன். தகராறு என்றால் இருவர் வேண்டும், இருவரும் ஏதோ செய்திருக்க வேண்டும். ஒருவர் அடிக்க மற்றவர் செத்துப்போன சம்பவத்துக்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும் என்று ஒருநாளும் நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது பெண்விடுதலை குறித்துக் கையெழுத்துச் சஞ்சிகையில் ஆவேசமாக எழுதியவன்தான் நான். அந்த ஆவேசம் செய்தி மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

அயலவர்களிடம் நிருபர் விசாரித்திருந்தால், ஏறத்தாழ எல்லாச் செய்தியிலும் ஒரே வாக்கியம்தான் வரும். இரவில் சத்தம் கேட்கும், குடும்பப் பிரச்சினை என்றபடியால் நாங்கள் தலையிடுவதில்லை. இதை நான் பல தடவைகள் இடம் போதாமல் வெட்டியிருக்கின்றேன்.

இனி என் தங்கையின் கதைக்கு வருகின்றேன். சின்னம்மாவின் மகள், கூடப் பிறந்தவள்போல வளர்ந்தவள். வடமராட்சியில் ஓர் ஊர். அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. 2004ஆம் ஆண்டு, சமாதான காலத்தில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், ஊரில் நல்ல பெயர். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது சமூகத்தில் மனைவியை அடிப்பவன் என்றவுடன் கசிப்புக் குடித்துவிட்டுத் தள்ளாடி வருபவனின் உருவம்தான் மனத்தில் எழுகின்றது. குடி அடியைக் கூட்டும், உண்மைதான். ஆனால் இந்த மனிதர் ஒரு துளி குடிக்காமல், நிதானமாக, முகத்தில் காயம் தெரியாத இடங்களாகப் பார்த்து அடித்திருக்கின்றார். அலுவலகத்தில் அவர் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. கட்டுப்பாடு இழந்து அடித்தார் என்று அவருக்காகப் பரிந்து பேசியவர்களுக்கு நான் பின்னாளில் கேட்ட கேள்வி, அந்தக் கட்டுப்பாடு அலுவலகத்தில் மட்டும் எப்படி இழக்கப்படாமல் இருந்தது என்பதே.

அடி தெரியவருவதற்கு வெகுகாலம் முன்னரே வேறு சில தெரிந்தன. தெரிந்தும் நான் அவதானிக்கவில்லை. தொலைபேசியில் அவள் பேசும்போது பின்னால் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் கேட்கும். “அண்ணா, இப்ப கதைக்கேலாது, பிறகு எடுக்கிறன்” என்பாள், எடுக்கமாட்டாள். சம்பளம் வரும் வங்கி அட்டை அவரிடம் இருந்தது. கடையில் ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைப்பாள். கணக்குப் பிள்ளை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையன்று, சொந்தத் தகப்பனின் கிரியையில், பந்தியில் இருக்காமல் பாதியில் எழுந்து போனாள். பக்கத்து வளவில் இருந்துகொண்டு அவர் இரண்டு தடவைகள் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

2013ஆம் ஆண்டு ஒருநாள் மாலை, சின்னம்மாவின் தொலைபேசியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. “அண்ணா, இவர் எனக்கு அடிக்கிறார்” என்றாள். ஒன்பது ஆண்டுகளில் அவள் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லியது அன்றுதான். நான் கேட்ட முதற்கேள்வி என்ன தெரியுமா? “ஏன், என்ன நடந்தது? நீ என்ன சொன்னனி?”

பத்திரிகைக்காரனுக்கு ஏன், எதற்கு என்று கேட்பது பழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தக் கேள்விக்கு அவளுடைய காதில் ஒரேயொரு பொருள்தான் இருந்திருக்கும். அவள் உடனே, “ஒண்டுமில்லை அண்ணா, சோறு ஆறிப்போச்சு எண்டு...” என்று இழுத்து, தன் பக்கத்துப் பிழையைத் தேடத் தொடங்கிவிட்டாள். அப்படிச் சொல்பவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது, நீ சொல்வதை நான் நம்புகின்றேன் என்பதுதான். இரண்டாவது, இப்போது நீ இருக்கும் இடத்தில் உனக்குப் பயமில்லையா என்று கேட்பது. மற்றவையெல்லாம் பிறகு. நண்பரிடம் நான் முதலில் சொன்னதும் இதுவே. அக்காவிடம் ‘ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை’ என்று தொடங்கிவிட வேண்டாம். அக்கறையோடு கேட்டாலும் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

எமது குடும்பம் அடுத்துச் செய்தது பஞ்சாயம். சின்னம்மா வீட்டு விறாந்தையில் இரண்டு பெரியப்பாக்கள், ஒரு மாமா, கோயில் தர்மகர்த்தா ஒருவர், கொழும்பிலிருந்து போன நான். கனடாவிலிருந்து அவளுடைய தமையன் ஸ்கைப்பில் நியாயம் பேசினார். மாப்பிள்ளை கண்கலங்கினார். இனி அப்படி நடக்காது என்றார். மூத்தவர்கள் இருபக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அடி வாங்கியவள் எதை விட்டுக்கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிய எல்லோருக்கும் வடையும் தேநீரும் அவளே கொண்டுவந்து தந்தாள். அன்று இரவு, வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோனதற்காக அவளுக்கு விழுந்த அடி, அதுவரை விழுந்தவற்றைவிட மோசமானது. அது எனக்குத் தெரியவந்தது மூன்று ஆண்டுகள் கழித்து.

பின்னர் ஒருமுறை அவள் பொலிஸ் நிலையம் சென்றாள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பதை விட்டுவிடுகின்றேன். கணவரையும் அழைத்து, இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி, பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் புத்திமதி கூறி அனுப்பிவைத்தார்கள். இப்படியான முறைப்பாடுகள் மத்தியஸ்த சபைக்கு, ஊரார் சொல்லும் இணக்க சபைக்கு, அனுப்பப்படுவதும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அச்சபைகளை நான் குறைசொல்ல வரவில்லை. எல்லைத் தகராறு, கடன் கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் ஏழைகளை வழக்குச் செலவிலிருந்து காப்பாற்றியவை அவை. ஆனால் மத்தியஸ்தம் என்பது சமமான இருவருக்கு இடையில் செய்யப்படுவது. பேசி முடித்து ஒரே வீட்டுக்குப் போய், இரவில் கதவைப் பூட்டிக்கொண்டபின் ஒருவர் மற்றவருக்குப் பயப்பட வேண்டியிருந்தால், சபையில் அவர் எதைப் பேசுவார்?

2014 ஓகஸ்ட் விடுமுறையில் அவள் மகளையும் அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் உள்ள எமது வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கும் மனைவிக்கும் பெரிய ஆறுதல். நான் உடனடியாக வேலையில் இறங்கினேன். கொழும்புப் பாடசாலைக்கு இடமாற்றம் எடுக்க யாரைப் பிடிக்கலாம், மகளை எங்கே சேர்க்கலாம், விவாகரத்து வழக்குக்கு எந்தச் சட்டத்தரணி நல்லவர் என்று எல்லாவற்றையும் நானே தீர்மானித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் இரவுப் பஸ்ஸில் திரும்பிப் போகப் போவதாகச் சொன்னாள்.

நான் கத்தினேன். அடிவாங்க விருப்பமென்றால் போய் வாங்கு என்றேன். “இனி இந்த விசயத்தில என்னைக் கூப்பிடாத” என்றேன். அவள் கூப்பிடவில்லை. நானும் பேசவில்லை. அந்த மௌனம் பதினொரு மாதங்கள் நீடித்தது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். இதை வாசித்துப் பார்த்த தங்கை, பதினொன்றல்ல, பதின்மூன்று என்று திருத்தினாள்.

அவள் ஏன் திரும்பிப் போனாள் என்பதை நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மகளுக்கு அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் மாற்றினால் பிள்ளை குழம்பிவிடும். எழுபதை எட்டிய சின்னம்மா அதே வளவில் தனியே இருக்கின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீடு அவளுடையது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி சீதனமாக அவள் பெயரில் உறுதி எழுதப்பட்ட வீடு. சித்தப்பா கல்லும் சீமெந்துமாகச் சேர்த்துக் கட்டியது. ‘வீட்டை விட்டு வந்துவிடு’ என்று நாங்கள் எல்லோரும் அவளுக்கு எளிதாகச் சொன்னோம். தன்னுடைய சொந்த வீட்டை அடிப்பவனிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னொருவர் வீட்டு அறையில் பாயை விரித்துக்கொண்டு படுக்கச் சொன்னோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இவ்விடத்தில் தேசவழமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமை கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம் என்பது உண்மை. எத்தனை பெண்கள் அந்தப் படியேறுவார்கள்? இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் மச்சான் அவளை வெருட்டி வைத்திருந்தார். என் கையெழுத்தில்லாமல் உன் வீட்டில் ஒரு ஓட்டைக்கூட நீ விற்கமுடியாது என்பார். அதனால் அந்த வீடு தனக்கும் சொந்தம் என்பதுபோல ஒரு தோற்றத்தை ஏற்படுத்திவிட்டார். சம்மதம் தேவை என்பது வேறு, சொந்தம் என்பது வேறு. அவளுக்கு அதை எவரும் விளங்கப்படுத்தவில்லை.

அடுத்த பயம், வீட்டைவிட்டு வெளியேறினால் கைவிட்டுச் சென்றவள் என்ற பழி வழக்கில் தன்மேல் விழும் என்பது. எமது நாட்டு விவாகரத்துச் சட்டம் குற்றத்தை நிரூபிக்கக் கேட்பது. தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல் அதில் ஒரு காரணம். ஆனால் ஒருவரின் கொடுமை தாங்காமல் மற்றவர் வெளியேற நேர்ந்தால், வெளியேற வைத்தவரே கைவிட்டவர் என்று நீதிமன்றங்கள் கொள்கின்றன. இதை ஒரு சட்டத்தரணியோடு அரைமணித்தியாலம் பேசினாலே அறிந்துகொள்ளலாம். பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது.

அந்தப் பதின்மூன்று மாதங்களிலும் மச்சான் அவளுக்கு அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் இருந்ததாம். “உன்ர கொழும்பு அண்ணனே உன்னைக் கைகழுவிவிட்டான். இனி உனக்கு ஆர் இருக்கினம்?” இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே எழுந்து போய்விட்டேன். ஒரு பெண்ணை உறவுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிவிடுவதுதான் இத்தகையவர்கள் முதலில் செய்யும் வேலை. நல்லெண்ணத்தோடு, அவள்மீது வைத்த பாசத்தின் பெயரால், கடைசி வெட்டை நான் செய்து கொடுத்திருக்கின்றேன்.

அந்தக் காலம் முழுவதும் அவளைத் தாங்கியவர் சின்னம்மா. படிப்பு நாலாம் வகுப்பு வரை. இரு, போ என்று ஒரு சொல்லும் அவர் மகளிடம் சொல்லவில்லை. நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் குசினிப் பக்கம் போய்விடுவார். கறிவேப்பிலை கேட்டுப் போவார், தேங்காய்ப்பூ கொண்டுபோவார். மருமகன் முகத்தைச் சுளித்தாலும் சிரித்துக்கொண்டே நிற்பார். அன்று எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. “தம்பி, நான் அவரோட சண்டை பிடிச்சால் படலையைப் பூட்டிப்போடுவார். பிறகு என்ர பிள்ளையை நான் எப்பிடிக் காணுறது?” என்று பின்னர் ஒருநாள் சொன்னார்.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்றும் வியப்பைத் தருவது. வீட்டு உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவுப் பிரதி, தங்கையின் அடையாள அட்டையின் பிரதி, புதிதாகத் திறந்த ஒரு வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கறிவேப்பிலையோடு கறிவேப்பிலையாகக் கொண்டுவந்து ஒரு பால்மா ரின்னில் போட்டு, அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார். கைத்தொலைபேசியில் மணியடித்து உடனே நிறுத்தினால் சின்னம்மா உடனே எதையாவது கேட்டுக்கொண்டு அங்கே போகவேண்டும் என்று இருவருக்கும் ஏற்பாடு இருந்தது. இதையெல்லாம் இன்று பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் தொண்டு நிறுவனங்கள் பயிற்சிப் பட்டறையில் சொல்லிக் கொடுக்கின்றன. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

2015 செப்டெம்பரில், மகளின் பரீட்சை முடிந்த அடுத்த மாதம், தங்கை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். விலா எலும்பில் வெடிப்பு. வழுக்கி விழுந்தது என்று கணவர் முன்னால் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க, தாதி ஒருவர் ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே குனிந்து மெதுவாகக் கேட்டிருக்கின்றார். அந்தத் தாதிக்கு எமது குடும்பம் கடன்பட்டிருக்கின்றது. (அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே ‘மித்துரு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’, என்னும் பிரிவுகள் இயங்குகின்றன. வாசகர்களில் பலர் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போயிருப்பீர்கள்.) அன்று சின்னம்மா எனக்கு அழைப்பெடுத்தார். “தம்பி, அவள் இப்ப ஆயத்தம். நீ வா” என்றார். அவ்வளவுதான். பரீட்சை முடியட்டும் என்று அவள் காத்திருந்திருக்கின்றாள். தன்னுடைய நாட்காட்டியை அவள் வைத்திருந்தாள். நான்தான் என்னுடைய நாட்காட்டியை அவள்மேல் திணிக்கப் பார்த்தவன்.

பிறகு நடந்தவை சட்டம் சம்பந்தப்பட்டவை. இதைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். ஏனெனில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியபோது அதைச் செய்தியாகக் கையாண்ட எனக்கே, பத்து ஆண்டுகள் கழித்து அது எப்படி வேலை செய்கின்றது என்று தெரிந்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் தாமே விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்று நீதவான் கருதினால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிப்பார். பதினான்கு நாட்களுக்குள் விசாரணை நடக்கவேண்டும். அதன்பின் பிறப்பிக்கப்படும் பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லுபடியாகும். அடி மட்டுமே வன்முறை என்று அச்சட்டம் கருதவில்லை. பாரதூரமான முறையில் தொடர்ந்து இழிவுபடுத்துவதும் கொடுமைப்படுத்துவதும்கூட அதற்குள் அடங்கும்.

எங்களுக்கு முக்கியமாக இருந்தது ஒன்று. இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தாலும், எதிராளி அதில் குடியிருக்கக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். அவளுடைய பாடசாலைக்குப் போகக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது, அவளுக்கு உதவுகின்ற உறவினரைத் தாக்கக்கூடாது என்றும் தடை விதிக்கலாம். ஆக, தங்கை வீட்டைவிட்டு வரவேண்டியிருக்கவில்லை. அவர்தான் ஒரு சூட்கேசோடு வெளியேறினார். நான் ஆண்டுக்கணக்காக அவளை எங்கோ கூட்டிப்போவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இது குற்றவியல் வழக்கு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கட்டளை பெறுவதால் கணவன் சிறைக்குப் போவதில்லை. ‘பிள்ளையின் தகப்பனைக் கம்பி எண்ண வைத்தவள்’ என்ற பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் பொலிஸ் வாசலை மிதிப்பதில்லை. அவர்கள் கேட்பது அடி நிற்கவேண்டும் என்பது மட்டும். அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கட்டளையை மீறினால்தான் தண்டனை: பத்தாயிரம் ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2005இல் பத்தாயிரம் ரூபா என்பது ஒரு தொகை. இன்று ஒரு குடும்பத்தின் இரண்டு கிழமைச் சாமான் செலவுக்கே போதாது. சட்டத்தை எழுதியவர்கள் இந்த நாட்டுப் பணத்தின்மீது அதிக நம்பிக்கை வைத்துவிட்டார்கள்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய ரீதியில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருக்கின்றார். எனது உறவுக்குள் திருமணமான பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஐந்தால் வகுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒருத்தியின் கதை மட்டும்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் இந்த ஒழுங்கில் சொல்லவில்லை. அவர் மீண்டும் மீண்டும் அத்தானை அடிப்பதைப் பற்றியே பேசினார். நீங்கள் அடித்துவிட்டு வந்துவிடுவீர்கள், அந்த அடிக்கும் சேர்த்து இரவு அக்காதான் வாங்குவார் என்று சொன்னபிறகு சற்று அடங்கினார். வாட்ஸ்அப்பில் எதையும் எழுதி அனுப்ப வேண்டாம், அக்காவின் தொலைபேசி அவருடைய கையில்தான் இருக்கும் என்றேன். பிரிந்து வெளியேறும் நேரமும் அதற்கு அடுத்த வாரங்களும்தான் இப்படிப்பட்ட பெண்களுக்கு மிக ஆபத்தானவை. ஆகவே முன்னேற்பாடு இல்லாமல் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம் என்றேன். அதேவேளை, அக்காவின் அல்லது பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று கண்டால் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது, 119க்கு அழைக்கவேண்டும். பெண்களுக்கென்றுள்ள 1938 இலக்கத்தை அவரும் அறிந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

“அக்கா போகமாட்டன் எண்டால்?” என்று கேட்டார். அப்போதுதான் எனது பதின்மூன்று மாதங்களைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அப்படி என்றாலும் அடுத்த கிழமையும் போங்கள், அதற்கடுத்த கிழமையும் போங்கள் என்று மட்டும் சொன்னேன். இந்தக் கட்டுரையை வாசித்தால் அவருக்குக் காரணம் விளங்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, யாழ்ப்பாண மாவட்டத்தையும் அதிக ஆபத்துள்ள பகுதியாக அறிவித்து வாரக்கணக்கில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் பகல் தங்கை அழைத்தாள். மா இல்லை, மரக்கறி இல்லை என்ற கதைகளுக்கு இடையில், “அண்ணா, இந்த ஊரடங்கு அஞ்சு வருசத்துக்கு முந்தி வந்திருந்தால்?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் மகள் ஏதோ பாட்டை உரத்துப் போட்டிருந்தாள். ‘சத்தத்தைக் குறை’ என்று தங்கை அவளை ஏசினாள், அவள் குறைக்கவில்லை.

நேற்று மாலை நண்பர் மீண்டும் அழைத்தார். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகின்றாராம், தனியே. மருமகனுக்குப் பிடிக்கும் என்று கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சொல்லி வைத்திருக்கின்றார். அத்தானும் நிற்பார், அவரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றார். கிரிக்கெட் பேசுங்கள் என்றேன். சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன், கறிவேப்பிலைக் கதையையும் சேர்த்து. தங்கையிடமும் சொல்லி வைத்திருக்கின்றேன். அக்கா விரும்பிக் கேட்டால் மட்டும் அவளுடைய இலக்கத்தைக் கொடுக்கலாம் என்று சம்மதித்திருக்கின்றாள்.